கம்பளிச் சட்டையை வெட்டியவள்

மர்சலின் டீச்சரைச் சினிமா வகுப்புக்கு அனுப்பி வைத்தது மடத்து மதர். சினிமாவின் மேல் ஆசைப்பட்டு அல்ல, பயந்து. சாந்தோமில் அவர் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண்கள் பாடப் புத்தகத்துக்குள் நடிகர்களின் படத்தை வைத்திருந்து பிடிபட்டார்கள். எந்தப் படம் பாவம், எந்தப் படம் பாவமில்லை என்று சொல்லப் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? லஸ் பக்கத்தில் ஒரு வாசகசாலைக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானங்களில் ‘சினிமா பார்ப்பது எப்படி’ என்று ஆரம்ப வகுப்பு நடத்துவதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. யாரை அனுப்புவது? தமிழ் டீச்சர் போனால் படத்தோடே போய்விடுவாள். பாட்டு டீச்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம். தையல் டீச்சர் மர்சலின்தான் சரி, அவள் எதைப் பார்த்தாலும் கெட்டுப்போக மாட்டாள் என்று மதர் முடிவு செய்தார்.

மதர் சொன்னது உண்மைதான். கெட்டுப்போவதற்கும் மனசு என்று ஒன்று வேண்டுமே. போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்து மதில் இடிந்து விழுந்தபோது ஊரே ஓடி வந்தது. மர்சலின் மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து, எடுத்த பொத்தான் காஜாவை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சிரிப்பாள், சாவு வீட்டுக்குப் போனால் செபமாலை சொல்லுவாள். இரண்டும் யாருக்கோ நடப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

ஏழு வருஷமாக இப்படி. அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் ரங்கூனில் ஓர் அரிசி ஆலைக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆயிரக்கணக்கான தமிழர்களோடு அவனும் காட்டு வழியே நடந்து புறப்பட்டான். கூட நடந்தவன் இதே பங்குக் கோயிலைச் சேர்ந்த பவுல்சாமி. பவுல்சாமி வந்து சேர்ந்தான், ஆம்ப்ரோஸ் வரவில்லை. “ஜுரம் அண்ணி. மரத்தடியில உக்காந்துட்டாரு. நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்னாரு.” பவுல்சாமிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செத்ததைப் பார்த்தவன் இல்லை. புதைத்தவனும் இல்லை. அன்றிலிருந்து பவுல்சாமி அவளை எதிரே பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். மர்சலின் தாலியைக் கழற்றவில்லை, வெள்ளை கட்டவில்லை, இரங்கல் பூசை வைக்கவில்லை. வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்றால், அதுவும் இல்லை. ஆம்ப்ரோஸ் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாள் அதனால் யாருக்கும் தொந்தரவு இருக்கவில்லை. இப்போது மகள் நோராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பரங்கிமலைப் பையன், ரயில்வேயில் வேலை, நல்ல குடும்பம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. பெற்றவர்கள் உயிரோடு இல்லையென்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்த்து வாசிப்பார்கள்.

சாமியார் மர்சலினைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இல்லாதவரை இருக்கிறதா பீடத்துல நின்னு நான் வாசிக்க முடியாதும்மா. இருக்கிறவரை இல்லன்னும் வாசிக்க முடியாது. பையன் வீட்டுல கேக்குறாங்க. நீ என்ன சொல்றியோ அதைத்தான் வாசிப்பேன்.”

“நான் என்ன சொல்றது சாமி?”

“நீதானே பெஞ்சாதி. வேற யாரு சொல்றது?”

மதர் சொல்லவில்லை, பவுல்சாமி சொல்லவில்லை, சர்க்கார் சொல்லவில்லை, சாமியாரும் சொல்ல மாட்டாராம். எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஒரு சொல்லை அவள் மடியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்கள். எனக்குக்கூட அவர்கள் மேல் கோபம் வருகிறது. அவளுக்கு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, யோசிக்காமல் உலை வைத்தாள்.

சினிமா வகுப்பு அந்தச் சமயத்தில்தான் ஆரம்பமாயிற்று.

வகுப்பு எடுத்தவர் மெஹபூப் பாஷா. திருவல்லிக்கேணிக்காரர், அடையாற்றில் ஒரு ஸ்டூடியோவில் படம் வெட்டி ஒட்டுகிறவர். ஊமைப்பட நாளில் பம்பாயில் வேலை பார்த்தவர். அதைச் சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சொல்லுவார், கிடைக்காவிட்டாலும் சொல்லுவார். வாசகசாலைச் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி, வாடகை மெஷினில் தாமே படம் ஓட்டினார். எல்லாம் வெளிநாட்டு ஊமைப்படங்கள், பழசு. நடுவே வருகிற இங்கிலீஷ் எழுத்துகளைத் தம்முடைய தமிழில் உரக்கச் சொன்னார். பாட்டு உண்டு என்று நம்பி வந்த பாதிப் பேர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார்கள்.

“இங்க பாருங்க,” என்றார் பாஷா முதல் நாள். “இந்த ஆளு ஒரு கதவு வழியா வெளில போறான். அடுத்தாப்ல வேற வூட்டுக்குள்ள வர்றான். நடுவுல தெருவுல நடந்தான்ல? யாரு பாத்தீங்க?”

“நடந்திருப்பான்,” என்றார்கள் எல்லோரும்.

“இன்னா சாட்சி? தெருவுல நான் படம் புடிக்கவே இல்லயே. இந்தத் துண்டு ஒண்ணு, அந்தத் துண்டு ஒண்ணு. ஒட்டி வுட்டேன், அவ்ளோதான். தெரு உங்க மண்டைக்குள்ள கீது.”

துண்டு, ஒட்டு என்றதும் மர்சலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவளுக்குத் தெரிந்த பாஷை. “ரவிக்கை மாதிரியா?” என்று கேட்டுவிட்டாள்.

“அதே மாதிரிதான் டீச்சர். ரவிக்கையில நூல் தையக்காரர்கிட்ட கீது. இதுல பாக்குறவங்ககிட்ட கீது.”

அதற்கப்புறம் அவள் படங்களில் ஒட்டுகளைத் தேட ஆரம்பித்தாள். கதை அவளைத் தொடவே இல்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டாலும், யார் யாரைக் கொன்றாலும் அவளுக்குக் கவலை இல்லை. எங்கே ஒரு துண்டு முடிகிறது, எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நல்ல தையலில் தையல் வெளியே தெரியாது. இந்தப் படங்களிலும் அப்படித்தான் என்று கண்டபோது அவளுக்கு இலேசாக ஒரு மரியாதை வந்தது. ஏழு வருஷத்தில் எதன் மேலும் அவளுக்கு அவ்வளவு வந்ததில்லை. பாவமா, பாவமில்லையா என்று மதர் கேட்டபோது, “தையல் சுத்தமா இருக்கு மதர்,” என்றாள். மதர் மேலே கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மீனவக் குப்பத்துப் படம். ஏதோ குளிர் தேசம். புருஷன் படகில் போகிறான், பெண்சாதி கரையில் நிற்கிறாள். அலை பெரிதாகிறது. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த காட்சியில் வீட்டுக்குள் வெயில் விழுந்திருக்கிறது. ஆணியில் அவனுடைய தடித்த கம்பளிச் சட்டை தொங்குகிறது. அவள் அதை எடுத்து மேசையில் விரித்து, சின்னப் பையனை நிற்க வைத்து அளந்து பார்த்து, கத்தரிக்கோலால் முதுகுத் துண்டை வெட்டுகிறாள். பையனுக்குச் சட்டை தைக்கிறாள்.

இருட்டில் பல பேர் ‘உச்’ கொட்டினார்கள்.

“ஐயோ, அதைப் போய் வெட்டறாளே!” என்றாள் மர்சலின் சத்தமாக. “முதுகுத் துண்டை வெட்டிட்டா திரும்பச் சேர்க்க முடியாது. அவரு வந்தா எதைப் போட்டுக்குவாரு?”

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் மாமி சூடாமணி, “கண்ட்ரோல் துணி எங்காத்துலயும் பத்தலை டீச்சர். அவளுக்கும் அப்படித்தானாயிருக்கும்,” என்று சொல்ல, மறுபடியும் சிரித்தார்கள். பாஷா மெஷினை நிறுத்தினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அந்த ஆளு பூட்டான். கடலோட பூட்டான்.”

“யாரு பார்த்தா?”

“யாரும் பாக்கல. அதான் படமே.”

“கரை ஒதுங்கியிருக்கலாம். வேற படகுக்காரங்க தூக்கியிருக்கலாம்.”

“பொணத்தக் காட்டினாத்தான் நம்புவீங்களா டீச்சர்?”

பாஷா சும்மா வேடிக்கையாகத்தான் கேட்டார். சொல்லி முடித்ததும் அவருடைய கண் அவள் தாலியில் பட்டது. பிறகு முகத்தில் பட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அடுத்த வாரம் இதே படம்தான்,” என்றார் எல்லோரையும் பார்த்து. “மொதல் தபா கதையப் பாத்தீங்க. ரெண்டாம் தபா கதைய மறந்துட்டுப் பாக்கணும். நம்ம வழக்கம் அது.”

அந்த வாரம் வீட்டில் நோரா வெடித்தாள். நோரா அம்மாவைப் போல இல்லை. சிரித்தாலும் அழுதாலும் தெருவுக்கே கேட்கும்.

“ஞாயித்துக்கெழமை மொத ஓலை வாசிக்கணும். நீ இன்னும் சாமிகிட்ட போவல. பரங்கிமலையிலேர்ந்து ஆள் மேல ஆள் வர்றாங்க. நான் இன்னா சொல்றது?”

“சொல்றேன்.”

“எப்ப சொல்லுவ? எனக்கு நரை விழுந்தப்புறமா? இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு வாய் இல்லயா உனக்கு?”

“உனக்கு எது வேணும்?”

நோரா தட்டிலிருந்து கையை எடுத்தாள். “எனக்குக் கல்யாணம் வேணும்,” என்றாள். பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மர்சலின் சிந்திய சோற்றை வழித்தாள். மகள் அழுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்த் தலையைத் தடவ வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, கால் எழவில்லை. தன்னைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் தூரத்தில் எங்கேயோ இருந்தது.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாமியார், பாவங்களைச் சொல்ல வருகிறவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவார். அதற்குள் சொல்லியாக வேண்டும். ‘வகுப்பு முடிந்து போகலாம்’ என்று மர்சலின் லஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுபடியும் அதே கரை, அதே அலை, அதே ஆணியில் அதே சட்டை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டதால் யாரும் ‘உச்’ கொட்டவில்லை. போன வாரம் மர்சலின் பார்த்தது துணியை மட்டும். வேறு எதைப் பார்ப்பாள், பழக்கம் அப்படி. இந்தத் தடவை துணியின் கதி தெரிந்துபோனதால் கண் மெதுவாகக் கைகளுக்குப் போயிற்று.

அந்தப் பெண் சட்டையைப் பையனின் முதுகில் வைத்து அளந்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். அளவு முதல் தடவையே சரியாக இருந்தது, தையல்காரிக்கு அது தெரியாதா? கத்தரிக்கோலை எடுத்தாள். கீழே வைத்தாள். காலரில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினாள், மீன் செதிளாக இருக்கும். வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலை மறுபடியும் எடுத்தாள். அப்போதும் வெட்டவில்லை. இவ்வளவும் ஒரே துண்டு. நடுவில் ஓர் ஒட்டுகூட இல்லை.

பாஷா படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். “இது எத்தினி நேரம் போவுது, பாத்தீங்களா? என் கையில குடுத்திருந்தா பாதியா வெட்டிப் போட்டிருப்பேன். இந்த ஆளு வெட்டல. ஏன்?”

“நடிப்பு நல்லா இருக்குன்னு வுட்டிருப்பாங்க,” என்றான் ஜவஹர் என்ற காலேஜ் பையன்.

“கம்பளி கனமோன்னோ, வெட்ட வந்திருக்காது,” என்றார் சூடாமணி மாமி.

பாஷா இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காமலே மர்சலின் பேசினாள்.

“அவகிட்ட யாரும் வந்து சொல்லல,” என்றாள். “படகு வரல, ஆள் வரல, பாத்தேன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. சொல்றதுன்னா அவளேதான் சொல்லணும். அது உடனே வராது. அதுக்குத்தான் அவ்ளோ நேரம் விட்டிருக்காங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பாஷாவுக்கு அவளிடம் ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. “இத்த எழுதிக்கோங்க,” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். மர்சலின் மீதிப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பெண் வெட்டினாள், தைத்தாள், பையன் போட்டுக்கொண்டு ஓடினான். கடல் எப்போதும் போல இருந்தது. நல்ல படம் என்று மர்சலின் நினைத்தாள். ஒரு படத்தை அவள் நல்ல படம் என்று நினைத்தது அதுதான் முதல் தடவை.

கச்சேரி ரோடு வழியாக நடந்து கோயிலுக்கு வந்தாள். சாமியார் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு எழுந்திருந்தார்.

“காலஞ்சென்றன்னு வாசிங்க சாமி.”

சாமியார் அவளை உற்றுப் பார்த்தார். “நிச்சயமா தெரியுமாம்மா?”

“நிச்சயமா தெரியாது சாமி. வாசிங்க.”

வெளியே வந்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சரி, இதுவும் இப்படித்தான் போலிருக்கிறது என்று வீட்டுக்கு நடந்தாள். சாமியிடம் சொல்லியாகிவிட்டது என்று நோராவிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நோரா கேட்கவில்லை. சொல்லியாகிவிட்டது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ‘சரி’ என்று சொல்லிவிட்டு, ஏழு நாளாகத் தொடாத நிலைக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. தாயும் மகளும் பெண்கள் பக்கம் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலை வாசித்தார். முதலில் யாரோ ஒரு தச்சனுடைய மகன் கல்யாணம். அடுத்தது இவர்களுடையது. பையன் பெயர், அவனைப் பெற்றவர்கள் பெயர், பரங்கிமலைப் பங்கு. பிறகு, “இந்தப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ் என்பவருக்கும் மர்சலின் என்பவளுக்கும் பிறந்த குமாரத்தி நோரா…”

ஆண்கள் பக்கம் யாரோ முழங்கால் பலகையில் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. பவுல்சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். பக்கத்து பெஞ்சுக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டு, அவருக்கு நித்திய இளைப்பாற்றி தந்தருளும் என்று இறந்தவர்களுக்கான செபத்தை முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. ஏழு வருஷமாக அந்த வார்த்தையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் இத்தனை பேரா என்று மர்சலினுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“…இவர்கள் விவாகத்துக்கு யாதொரு தடை அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடவார்கள்,” என்று சாமியார் முடித்துவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார்.

அந்த நேரத்தில் எழுந்திருக்கலாம். எழுந்து, எனக்கு ஒரு தடை தெரியும் சாமி, அவர் செத்ததை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லலாம். கேட்கிறார்கள் அல்லவா, சொல்லக் கடமை உண்டு. மர்சலினின் கை முன் பெஞ்சைப் பிடித்தது. முழங்கால் நிமிர ஆரம்பித்தது.

அப்போது பக்கத்திலிருந்து நோரா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மகளின் முக்காடு நழுவியிருந்தது. வாய் கோணியிருந்தது. கல்யாணம் வேண்டும் என்று தட்டைத் தள்ளிய பெண்ணின் முகம் அங்கே இல்லை. பவுல்சாமி தனியாகத் திரும்பி வந்த அன்று கதவோரம் நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கே இருந்தாள்.

“ம்மா,” என்றாள். “அப்பா செத்துட்டாராம்மா?”

அன்றைக்கு இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை கேட்கவில்லை. ஒருத்தரும் அவளைக் கேட்கவிடவில்லை. மர்சலினே விடவில்லை.

“ஆமா கண்ணு,” என்றாள் மர்சலின். “அப்பா செத்துட்டாரு.”

சொன்னது தன்னுடைய குரல்தான் என்று அவள் காதுக்கு எட்டியது. எட்டியதும் அழுகை வந்தது. கோயில் என்று பார்க்காமல், பூசை என்று பார்க்காமல், வாயைத் திறந்து அழுதாள். மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, ரங்கூனில் புறப்பட்டவனை, காட்டில் உட்கார்ந்தவனை, பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த ஓலையை எடுத்தார்.